பனியும் பனையும்: ஆறாம் திணையா, திணைமயக்கமா?

புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் படைப்புகளை மதிப்பிடுவோர், பனி படர்ந்த நிலத்தை ‘ஆறாம் திணை’ எனச் சுட்டுவது வழக்காகிவிட்டது. நடுவயதில் ஊர் நீங்கிக் குளிர்நாடு புகுந்தோரின் எழுத்துக்கு இத்தொடர் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

தொல்காப்பிய மரபில் திணை என்பது முதல், கரு, உரி ஆகிய மூன்றன் இயைபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். ஆறாம் திணை பேசுவோர் பெரும்பாலும் நிலத்தோடு நின்றுவிடுகின்றனர். பாலைக்குப் பின்பனியும் உரியது எனத் தொல்காப்பியம் கூறுதலால், பிரிவும் குளிரும் இணைவது தமிழுக்குப் புதிதன்று என வாதிடலாம். எனினும் அப்பனி வேறு, இப்பனி வேறு. மாசி, பங்குனியில் புல்நுனியில் தங்கி, வெயில் ஏறியதும் மறைவது அது. மாதக்கணக்கில் நிலத்தை மூடிக் கிடப்பது இது. ஒரே சொல் இரண்டையும் சுமப்பதால் வேறுபாடு மறைந்துவிடுகின்றது.

நிலத்தினும் பொழுதே பெரிதும் மாறுகின்றது. 1980களிலிருந்து ஈழத்தமிழர் பலர் நோர்வேயின் வடகோடி மீன்பிடி ஊர்களுக்குச் சென்று, மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்தனர். அங்கு நடுக்குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் ஞாயிறு எழுவதில்லை. கோடையில் நெடுநாள் மறைவதுமில்லை. மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்னும் சிறுபொழுதுகள் தம் எல்லையை இழக்கின்றன. இருபது வயதில் செல்பவர் உடலையும் நாவையும் அதற்குப் பழக்கிக்கொள்ள இயலும். நாற்பதைக் கடந்தவருக்கோ தொழில், சுற்றம், ஊரில் பெற்ற மதிப்பு யாவும் முந்திய பொழுதில் அமைந்தவை. பொருள்வயிற் பிரிந்த சங்கத் தலைவன் மீள்வதற்குப் பருவம் குறித்துச் சென்றான்; இவர்க்கு அத்தகைய பருவம் இல்லை.

இந்நிலையில் 1994இல் எஸ்.பொ.வும் இந்திரனும் தொகுத்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுதியின் பெயர் கருதத்தக்கது. ‘பனியும் பனையும்’ என்பதைப் பலர் முரணாகவே படிக்கின்றனர்: பனி துயரம், பனை இன்பம். அத்தலைப்பிலுள்ளது எண்ணும்மை. அது எதிர்நிறுத்தவில்லை, சேர்த்து வைக்கின்றது. ஐம்பதைக் கடந்தபின் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த எஸ்.பொ. அவ்வும்மையின் பொருளை வாழ்ந்தறிந்தவர்.

1964இல் ‘அக்கா’ தொகுதியை வெளியிட்டு, நெடுங்கால இடைவெளிக்குப்பின் 1990களில் மீண்டும் எழுதவந்து, பின்னர் கனடாவில் குடியேறிய அ.முத்துலிங்கமும் இங்கு நினைக்கத்தக்கவர். அவர் புதிய நிலத்தைப் புலம்பலுக்குரியதாக்காமல், வியப்பும் நகையுமாக நோக்குகின்றார். ஆயினும் அந்நோக்கு கொக்குவிலில் தொடங்கியதே. அதனைக் குறையென்று கொள்ளல் தகாது. உரிப்பொருள் அல்லாதன மயங்கலாம் என்பது இலக்கணம். உறைபனியிடையே பனையைக் காண்பது, பாதி வாழ்வை வேறிடத்தில் வாழ்ந்தவரின் உண்மை. ஆகவே இவ்வெழுத்தை ஆறாம் திணை என்பதினும் திணைமயக்கம் என்பதே பொருந்தும்.

மலேசியத் தமிழர்க்கு இவ்வுண்மை அயலானதன்று. 1877இல் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகள் தென்னமெரிக்க இனத்தவை. அயல்மரம் ‘பால்மர’மாயிற்று, மலாய்ச் சொல்லை ஏற்றுக் ‘கித்தா’வுமாயிற்று. மங்கும் பால்வாளியும் லயமும் நம் கதைகளின் கருப்பொருளாயின. அம்மரத்தில் உழைத்தும், அதனடியில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தும் வந்ததனாலேயே அது நிகழ்ந்தது. கடல் கடந்து வந்த முதல் தலைமுறைக்கு அது காடு. அவர்தம் மக்களுக்கு ஊர். பனிநிலத்திலும் அவ்வாறே நிகழக்கூடும். அங்குப் பிறந்தோர் எம்மொழியில் எழுதுவர் என்பதே கவலைக்குரிய வினா. அவர்கள் தமிழில் எழுதாவிடின், ஆறாம் திணை தமிழுக்குரியதாகாது.

ஆண்டு முழுதும் புழுக்கமும் கடற்காற்றுமே அறிந்த லூமுட் மாணவர்க்கு இக்கதைகளைக் கற்பிக்கும் ஆசிரியர், பனியின் வருணனையோடு அமைதல் போதாது. கதைமாந்தர் எவ்வயதில் ஊர் நீங்கினார், என்ன வேலை செய்கின்றார், எப்பொழுதில் உறங்குகின்றார் என வினவவேண்டும். தோட்டத்தை விட்டு நகருக்குப் பெயர்ந்த தம் பாட்டனாரை அம்மாணவர் அவ்விடைகளில் அடையாளம் காண்பர்.