'ராஜ' என்ற ஒரு சொல்: சின்னச் சங்கரனும் கோகலும்

பாரதியின் "சின்னச் சங்கரன் கதை"யைப் பற்றி இப்போது அதிகம் பேர் பேசுவதில்லை. முற்றுப்பெறாத கதை, சில அத்தியாயங்கள்தான் கையில் இருக்கின்றன. அவ்வளவு கவிதைகள் இருக்கும்போது இது எதற்கு என்று தாண்டிப் போய்விடுகிறோம். தமிழ் உரைநடையில் நையாண்டி எங்கே தன் குரலைக் கண்டுபிடித்தது என்று என்னைக் கேட்டால் இந்தச் சில அத்தியாயங்களைத்தான் காட்டுவேன். இதைப் படிக்கும்போது கோகலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. யாருடைய செல்வாக்கு யார் மேல் என்று தேடுவதற்காக அல்ல. உப்புத் தின்ற வீட்டைப் பார்த்துச் சிரித்த இரண்டு பேர் அவர்கள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் என்ன ஆனது என்பதுதான் என் கேள்வி.

முதலில் கோகல். 1842-ல் வந்த "இறந்த ஆன்மாக்கள்" நாவலுக்கு அச்சாணி ஒரு பதிவேட்டுக் கோளாறு. ரஷ்யாவில் பண்ணையடிமைகளை "ஆன்மா" என்றுதான் தலை எண்ணுவார்கள். கணக்கெடுப்பு பல வருஷத்துக்கு ஒரு தரம். நடுவில் ஒருத்தன் செத்துப்போனாலும் அடுத்த கணக்கெடுப்பு வரை காகிதத்தில் உயிரோடு இருப்பான். பண்ணையார் அவனுக்கும் தலைவரி கட்டியாக வேண்டும். சிச்சிகோவ் ஊர் ஊராகப் போய் இந்தச் செத்த பெயர்களை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறான். அவற்றை அடமானம் வைத்தால் தலைக்கு 200 ரூபிள் கடன் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. டேட்டாபேஸோடு பிழைப்பு நடத்துகிற என் மாதிரி ஆளுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். பதிவேடு ஒன்று சொல்கிறது, உலகம் இன்னொன்று சொல்கிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஒருத்தன் கடை போடுகிறான்.

ஆனால் நாவலின் உயிர் அந்த மோசடியில் இல்லை, விற்கிறவர்களிடம் இருக்கிறது. மனிலோவ் என்ற பண்ணையாரின் மேஜையில் ஒரு புத்தகம்; பதினான்காம் பக்கத்தில் அடையாளம் வைத்து இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். கொரோபோச்கா என்ற விதவைக்கு, செத்தவர்களை விற்பது சரியா என்பதைவிட, மார்க்கெட் விலை தெரியாமல் ஏமாந்துவிடுவோமோ என்பதுதான் கவலை. சொபாகெவிச் விலையை ஏற்றுவதற்காகச் செத்த தச்சனின் கைத்திறமையைப் புகழ்கிறார். அந்தப் புகழ்ச்சியில்தான் அந்த மனுஷன் முதன்முதலாக நமக்கு உயிரோடு தெரிகிறான். சிரித்துக்கொண்டே வந்த வாசகன் இந்த இடத்தில் ஒரு நொடி நின்றுவிடுவான்.

இவ்வளவு நுணுக்கம் எங்கிருந்து வந்தது? கோகல் சிறு பண்ணையார் வீட்டுப் பிள்ளை. பீட்டர்ஸ்பர்க் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவருடைய "அரசு ஆய்வாளர்" நாடகம் 1836-ல் மேடை ஏறியதே ஜார் முதலாம் நிக்கலஸ் தலையிட்டதால்தான். அடுத்த வருஷம் அதே ஜார் 5000 ரூபிள் கொடுத்தார். அதிகாரிகளைக் கிழித்த கைக்கு அரண்மனைப் பணம்! 1847-ல் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் என்ற பெயரில் ஒரு நூல் போட்டு, பண்ணையடிமை முறையைக்கூட நியாயப்படுத்தினார். விமர்சகர் பெலின்ஸ்கி கொதித்துப்போய் ஒரு கடிதம் எழுதினார். அதைக் கூட்டத்தில் வாசித்ததும் 1849-ல் தாஸ்தயெவ்ஸ்கி மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. நாவலின் இரண்டாம் பாகத்தில் சிச்சிகோவைத் திருத்தி நல்லவனாக்க கோகல் படாதபாடு பட்டார். வரவில்லை. 1852-ல் கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போட்டார். சில நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இனி நம்ம ஊர். 1908-ல் பாரதி பிரெஞ்சு எல்லைக்குள் வந்தார்; 1918 நவம்பர் வரை பத்து வருஷம் புதுச்சேரிதான். "இந்தியா" பத்திரிகை 1910-ல் நின்றுபோனது. பிரிட்டிஷ் ஒற்றர்கள் இதே வீதிகளில்தான் திரிந்தார்கள். சின்னச் சங்கரன் பிறந்தது இந்தப் பத்து வருஷத்துக்குள். எழுதிய பிரதி களவு போய்விட்டது என்று நண்பர்கள் வழியாக ஒரு செய்தி உண்டு. கோகல் தானே எரித்தார், பாரதியிடமிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டிலும் நமக்குக் கிடைத்தது முழுசு இல்லை.

கதை நடப்பது கவுண்டனூர் ஜமீனில். எட்டயபுரம் என்று சொல்லாமல் சொன்ன பெயர் அது. இப்படி முகமூடி போடுவதை ரஷ்யாவில் ஒரு கலையாகவே வளர்த்தவர் ஸல்த்திகோவ்-ஷெத்ரீன். அவர் நாவலில் வரும் ஊருக்கு முட்டாளூர் என்று பொருள்படும் பெயர். அங்கே ஒரு நகராதிபதியின் தலைக்குள் மூளைக்குப் பதில் ஒரு சின்ன இசைப்பெட்டி; இரண்டே இரண்டு மிரட்டல்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். தணிக்கைக்காரனுக்கும் தெரியும், வாசகனுக்கும் தெரியும், ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது.

பாரதியின் ஜமீன்தாருக்கு இசைப்பெட்டி கிடையாது, பட்டப்பெயர்தான் உண்டு. 'ராஜ' என்ற சொல்லை அடுக்கி அடுக்கி, அண்டம் வரைக்கும் போய், கடைசியில் ஒரு சாதாரண ராமசாமிக் கவுண்டரில் வந்து விழுகிற பட்டம். சமஸ்கிருத அடுக்கில் ஏற்றுவது, பேச்சுத் தமிழில் இறக்குவது; நகைச்சுவை முழுக்க அந்த இறக்கத்தில் இருக்கிறது. ஜமீன்தாரின் தொந்தியை வைத்துப் பண்ணும் கேலி எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். உச்சம் சங்கரனிடம்தான். சின்னப் பையன், நோஞ்சான், பாட்டுக் கட்டிப் பெரிய மனுஷன் ஆகப் பார்க்கிறான். பதினோரு வயதில் எட்டயபுரத்தில் "பாரதி" பட்டம் வாங்கிய பையனை முப்பதைத் தாண்டியவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். கோகல் தன்னை இப்படி மேஜைமேல் வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய கதைசொல்லி எப்போதும் வண்டியில் வெளியூரிலிருந்து வருகிறவன். இந்த ஒரு விஷயத்தில் பாரதி அவரைவிடத் துணிச்சல்காரர்.

கதை இத்தோடு முடிந்தால் சௌகரியமாக இருக்கும். 1918-ல் பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பியதும் கடலூர் அருகே கைது. நிபந்தனைகளோடு விடுதலை, எழுத்தைப் போலீஸிடம் காட்டித்தான் வெளியிட வேண்டும். கடையத்தில் வறுமை. 1919 மே மாதம் அதே எட்டயபுரம் அரண்மனைக்கு ஒரு சீட்டுக்கவி எழுதினார். அது எப்படித் தொடங்குகிறது? 'ராஜ' என்ற சொல்லை அடுக்கி அடுக்கித்தான். புதுச்சேரியில் எந்த அடுக்கை வைத்து நம்மைச் சிரிக்கவைத்தாரோ, அதே அடுக்கு, இப்போது சிரிப்பில்லாமல். ஆகஸ்டில் இன்னொரு கடிதம்: ஜமீனின் வம்ச வரலாறான "வம்சமணி தீபிகை"யைத் திருத்தி நல்ல தமிழில் எழுதித் தருகிறேன் என்று.

பாரதி ரசிகர்கள் இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பிடிக்காதவர்கள் கையைத் தட்டுவார்கள். இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. நையாண்டிக்காரனுக்கு அரண்மனையின் சமையல்கட்டு வரை தெரிந்திருப்பதற்குக் காரணம், அங்கே அவன் சாப்பிட்டிருக்கிறான். அந்தச் சாப்பாடு மறுபடி தேவைப்படும் நாளும் வரலாம். தமிழில் எழுத்தை நம்பிப் பிழைக்க 1919-ல் வேறு என்ன வழி இருந்தது? பத்திரிகை, இல்லாவிட்டால் புரவலர். பத்திரிகைக் கதவைச் சர்க்கார் சாத்தி வைத்திருந்தது. ஷெத்ரீன் மாதிரி துணை ஆளுநர் உத்தியோகம் பார்த்து, அப்புறம் பத்திரிகை ஆசிரியராகி, எடுத்த நாவலை முடிக்கிற வசதி பாரதிக்கு வாய்க்கவில்லை.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். கோகல் கடைசியில் தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். பாரதி மாற்றியது குரலை மட்டும். அந்தச் சீட்டுக்கவியிலேயே, தமிழ்நாட்டில் பெரும் கவி இல்லை என்ற வசை தன்னால் தீர்ந்தது என்று நிமிர்ந்து சொல்கிறார். சங்கரன் அரண்மனையில் நின்றது இப்படி அல்ல.

இரண்டையும் படிக்கப்போகிறவர்கள் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் சீட்டுக்கவி, பிறகு சின்னச் சங்கரன். அந்தப் பட்டப்பெயர் வரும்போது சிரிப்பு வரத்தான் செய்யும், ஆனால் முன்னே மாதிரி லேசாக வராது.