தம் இறை என்னும் அச்சம்: ‘விடுதலை’ முதற்பாகத்தில் குமரேசனின் அறப்போராட்டம்

ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதையை அடியொற்றி வெற்றிமாறன் இயக்கிய ‘விடுதலை’ முதற்பாகம் 2023 மார்ச் 31 அன்று வெளிவந்தது. மக்கள் படை என்னும் ஆயுதக் குழுவை மலைக்காட்டில் தேடும் காவற்படையின் முகாமுக்கு ஓட்டுநராக வந்துசேரும் கடைநிலைக் காவலன் குமரேசனே (சூரி) இதன் மையப் பாத்திரம். அஞ்சும் வீரன் இறுதியில் துணிவு பெறுவதே போர்ப்படங்களின் பொதுமரபு. அவன் எதற்கு அஞ்சுகிறான் என்பதை இப்படம் முதன்மை வினாவாக்குகிறது.

அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். கரடி தாக்கிய பெண்ணைக் காவல் வண்டியில் ஏற்றிச் சென்று காப்பாற்றும் குமரேசனை, விலங்கோ ‘கள்வர்’ எனத் துறை சுட்டும் போராளிகளோ முடக்கவில்லை. அவனை முடக்குவது நான்காவதாகிய தம் இறை, அதாவது மேலதிகாரம். வண்டியைப் பயன்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்குமாறு அதிகாரி பணிக்கிறார். தவறு செய்யாததால் அவன் மறுக்கிறான். ஆயினும் அதற்கான தண்டனைப் பணிகளை எதிர்ப்பின்றிச் செய்கிறான். மனம் ஏற்காத ஆணைக்கு உடல் பணிகிறது. அவனது அறப்போராட்டம் இவ்விடைவெளியில் நிகழ்கிறது.

இறுதிப்பகுதியில் மலைவாழ் பெண்கள் சித்திரவதைக்கு உள்ளாகின்றனர். அதனை நிறுத்தும் பொருட்டுப் பெருமாள் வாத்தியாரின் மறைவிடத்தைக் குமரேசன் வெளிப்படுத்துகிறான். அவரைப் பிடிக்கும் மோதலிலும் முன்னிற்கிறான். அவனது இரக்கம் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால், சித்திரவதையால் அதிகாரம் பெற முயன்ற தகவலை அவ்விரக்கமே அதிகாரத்திற்கு அளித்துவிடுகிறது. அச்சம் நீங்கிய கணத்திலும் அவன் தம் இறையின் பணியையே முடித்துவைக்கிறான். இம்முரணே படத்தின் வலிமை.

படத்தின் குறையும் இங்கேயே உள்ளது. பெண்களின் துன்பம் காவலனின் மனமாற்றத்திற்குக் களமாகிறதேயன்றி, அவர்தம் நோக்கில் சொல்லப்படவில்லை. தருமபுரி மாவட்ட வாச்சாத்தியில் 1992இல் நிகழ்ந்த கொடுமைக்காக 2011இல் அரசு ஊழியர் 215 பேர் தண்டிக்கப்பட்டதற்கு, பாதிக்கப்பட்ட பெண்கள் துணிந்து அளித்த சாட்சியம் முதன்மைக் காரணம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த சத்தியமங்கலம் மலைகளைக் களமாகக் கொண்ட ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) அதிரடிப்படைக் கொடுமைகளைச் சோளகரின் பக்கம் நின்றே சொல்கிறது. இவற்றோடு ஒப்பிடுகையில், ‘விடுதலை’ அஞ்சிய காவலனின் மனச்சான்றை நுட்பமாக வரைந்தும், அஞ்சாது பேசிய பெண்களின் குரலுக்கு இடமளிக்கத் தவறியது புலனாகிறது.