நாக்கு நீட்டும் பெட்டி

பொத்தானை அமுக்கியதும் டிவிடி பிளேயர் 'சர்ர்' என்று நாக்கை நீட்டும். அந்தச் சத்தத்துக்காகவே நான் இன்னும் அதைத் தூக்கிப் போடவில்லை. தட்டை உள்ளே அனுப்பவும் பொத்தானைத்தான் அமுக்க வேண்டும். எங்கள் வீட்டிலோ ஆளாளுக்கு விரலால் தள்ளுவார்கள். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் பாவம்.

பாட்டு கேட்க இதில் நாங்கள் போடுவது சிடி. அது 1982-இல் விற்பனைக்கு வந்தது. 12 செ.மீ. அகலம், 1.2 மி.மீ. கனம். அதன் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் கண்ணும் கருத்துமாகக் காப்போம். படம் அச்சிட்ட பக்கத்தைக் கண்டுகொள்ள மாட்டோம். ஆனால் பாட்டு பதிந்திருக்கும் அடுக்கு அந்தப் படத்துக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதி நான் கெடுத்த சிடிகள் உண்டு.

துடைப்பதற்கும் ஒரு வாகு இருக்கிறது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால், நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக இழுக்க வேண்டும். குறுக்கே விழும் கீறலைத் தாண்டி, விட்டுப்போன துளியைக் கருவியே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். வட்டமாகத் துடைத்து விழுந்த கீறலோ தடத்தோடு கூடவே ஓடும். அப்போதுதான் பாட்டு திக்குகிறது.

பெட்டியை ஆம்ப்ளிஃபயரின் தலையில் ஏற்றக் கூடாது, சூடு ஆகாது. அம்மா அதற்கென்று ஆசையாய்ப் பின்னிய குரோஷா விரிப்பு, காற்று போகும் துவாரங்களைச் சரியாக மூடியது. அதை எடுக்கச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது. இப்போது விரிப்பு டிவி ஸ்டாண்டில், பெட்டிக்கு அடியில்.