சூரைக் கட்டையும் ஜப்பான் இழைப்புளியும்

காட்சுவோபுஷி நம் மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் சூரை மீன்தான். அவித்து, முள் நீக்கி, புகைபோட்டு, விறகு மாதிரி இறுகும்வரை காயவைப்பார்கள். காட்சுவோபுஷியின் உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சை படியவிட்டு மாதக்கணக்கில் வெயில் காட்டுவதும் உண்டு. அந்தக் கட்டையைச் சீவ ஜப்பானியர் வைத்திருக்கும் மரப்பெட்டிதான் கெசூரிகி. மேலே கவிழ்த்துப் போட்ட இழைப்புளி, கீழே சீவல் விழ இழுப்பறை. சில வாரங்களாக எங்கள் அடுப்படியில் இருக்கிறது.

எல்லாம் தகட்டின் உயரத்தில் இருக்கிறது. விரலால் தடவினால் உணரும் அளவுக்குத்தான் அது வெளியே நிற்கவேண்டும். கூடினால் கட்டை முட்டி நின்றுவிடும், குறைந்தால் வழுக்கிக்கொண்டு போகும். தகட்டின் தலையில் மரச்சுத்தியலால் தட்டினால் முன்னே வரும். இழைப்புளி மரத்தின் பின்முகத்தில் தட்டினால் உள்ளே போகும். நான் வாங்கிய பெட்டியில் தகடு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இறங்குகிறது. போதாததற்கு முனையும் மழுங்கல். காசு வாங்கிக்கொண்டு தீட்டாத தகட்டைக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரியாக அமைந்துவிட்டால் அந்த எரிச்சலெல்லாம் போய்விடுகிறது. இளஞ்சிவப்பில் சுருள்சுருளாக விழும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரியும். நார் ஓடும் திசை பார்த்துத் தள்ளவேண்டும், திருப்பிப் பிடித்தால் வெறும் தூள்தான். நைட்ரஜன் அடைத்த பாக்கெட் சீவல் ஜப்பானில் 1969 முதலே கிடைக்கிறது. ஆனால் அப்போதே சீவியதன் புகைமணம் அதில் இல்லை.

கொம்பு என்ற கடற்பாசி ஊறிய தண்ணீரைச் சூடாக்கி, பாசியை எடுத்துவிட்டு, கைப்பிடி சீவல் போட்டு உடனே வடித்தால் தாஷி. சீவலின் சுவைக்குக் காரணம் இனோசினேட் என்று 1913இல் கண்டறிந்தவர் ஷிந்தாரோ கொதாமா. கட்டையின் எடையில் முக்கால் பங்கு புரதம், கொழுப்பு சொற்பம். வடித்த சாற்றில் அந்தப் புரதம் அதிகம் இறங்காது என்பதால், நான் சீவலைச் சுடுசோற்றிலேயே தூவிக்கொள்கிறேன். யூரிக் அமிலத் தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் அளவோடு சாப்பிடவேண்டும்.

மாசியையும் வைத்துப் பார்த்தேன். சுருள் வரவில்லை, உதிர்ந்தது. தேங்காய்ச் சம்பலுக்கும் சீனிச் சம்பலுக்கும் உரலில் இடித்த மாசியே சரி. அதற்காக இந்தப் பெட்டி வேண்டாம். அடிக்கடி தாஷி வைக்கும் வீடென்றால் தாராளமாக வாங்கலாம். காசு கொடுக்குமுன் தகட்டைக் கழற்றி, முனை நேராக இருக்கிறதா, கூர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.