மாட்டுத்தாவணியில் ஒரு கறவை மாடு

இரண்டு வாரம் முன்னால் சென்னையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் ஒன்றில் ஆறு வருஷமாகப் பங்கு ஆய்வு வேலை. இப்போது ஸ்ட்ராட்டஜி கன்சல்டிங் பக்கம் தாவலாமா என்று யோசனை. "நீங்க அப்படித்தானே வந்தீங்கண்ணே, முதல்ல என்ன படிக்கணும்?" என்று கேட்டார். வால்டர் கீச்சல் எழுதி 2010-இல் வந்த 'தி லார்ட்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டஜி' என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு உறுத்தியது. அந்தப் புத்தகத்தின் நாயகர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டதில் பாதி எனக்குச் சோறு போடுகிறது. மீதிப் பாதிக்கு என் மாமா காசு கட்டினார். அதனால் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். இந்தக் குறிப்பு அந்த மறுவாசிப்பு.

ஒரு வங்கியின் பிள்ளை

கீச்சல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். கதை சொல்லத் தெரியும். ஸ்ட்ராட்டஜி என்பது ஏதோ ஆதிகாலத்திலிருந்து கம்பெனிகளில் இருந்த சமாச்சாரம் இல்லை, 1960-களுக்குப் பிறகு நாலைந்து பேர் கட்டி எழுப்பியது என்று காட்டுகிறார். முதல் ஆள் புரூஸ் ஹெண்டர்சன். 1963-இல் அவர் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பைத் தொடங்கியது சொந்தக் கடையாக இல்லை. பாஸ்டன் சேஃப் டெபாசிட் அண்ட் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் ஒரு பிரிவாக. அதாவது, அடுத்தவர் சொத்தைப் பாதுகாத்து நிர்வகிக்கும் வீட்டில் பிறந்த பிள்ளைதான் இந்தத் தொழில்.

1970-இல் அங்கிருந்து வந்த சரக்குதான் எம்பிஏ படித்த எல்லாருக்கும் தெரிந்த நாலு கட்டம். சந்தை எவ்வளவு வேகமாக வளர்கிறது, அதில் உன் பங்கு போட்டியாளரோடு ஒப்பிட்டால் எவ்வளவு, இந்த இரண்டை வைத்து ஒவ்வொரு தொழிலையும் ஒரு கட்டத்தில் போடு. நட்சத்திரம், கேள்விக்குறி, கறவை மாடு, நாய். மாட்டைக் கற, பாலை நட்சத்திரத்துக்கு ஊற்று, நாயை விற்றுவிடு. இந்தப் படத்தை முதலில் வரைந்தவராகச் சொல்லப்படும் ஆலன் ஸாகன் நிதியியல் பேராசிரியராக இருந்து பிசிஜிக்கு வந்தவர். பின்னால் அதன் தலைவராகவும் ஆனார். ஆக, முதலீட்டுப் படிப்பிலிருந்து ஸ்ட்ராட்டஜிக்குத் தாவியது நானும் அந்தத் தம்பியும் மட்டும் இல்லை. இந்தத் தொழிலின் மிகப் பிரபலமான கருவியே அப்படித் தாவி வந்ததுதான்.

அந்தக் கட்டத்துக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். அந்தக் காலத்துப் பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் சம்பந்தமில்லாத பத்து, இருபது தொழில்களைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டுக் கேட்கிற பிரிவுக்கெல்லாம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தன. எது காசைத் தின்கிறது, எது காசைக் கொடுக்கிறது என்று ஒரே தாளில் காட்டியது பெரிய உதவி. லாபம் வேறு, கையில் வரும் ரொக்கம் வேறு என்று முதலாளிகளுக்குப் புரியவைத்ததும் அதுதான்.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கதையைச் சிந்தனையின் வெற்றி ஊர்வலமாகவே கீச்சல் சொல்லிப் போகிறார். விமர்சனங்களைச் சொல்லாமல் இல்லை, ஆனால் ஊர்வலம் அவற்றுக்காக நிற்பதில்லை. முதலீட்டாளரின் கண்ணாடியைக் கழற்றி முதலாளியின் மூக்கில் மாட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஓர் அத்தியாயமாவது உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

பங்குகளுக்கு ஒன்றையொன்று தெரியாது

ஒன்பது வருஷம் பங்கு ஆய்வில் இருந்தேன். என் போர்ட்ஃபோலியோவில் ஒரு சிமெண்ட் கம்பெனியும் ஒரு மருந்து கம்பெனியும் இருந்தால், ஒன்றை விற்பதால் மற்றதற்கு ஒன்றும் ஆகாது. சிமெண்ட் போனது மருந்துக்குத் தெரியக்கூடத் தெரியாது. முதலீட்டாளரின் சுதந்திரம் முழுக்க இந்த அறியாமையில்தான் நிற்கிறது. பிடிக்கவில்லையா, காலையில் விற்றால் மாலைக்குள் வெளியே.

நாலு கட்டமும் இதையே சொல்லாமல் எடுத்துக்கொள்கிறது. பிரிவுகளுக்கிடையே பணம் மட்டும்தான் ஓடும், மற்றபடி தனித்தனி. உண்மையான தொழிலில் அப்படி இருக்குமா?

இனி என் கதை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவுக்குக் கமிஷன் கடை. மல்லி, பிச்சி, சம்பங்கி, அரளி, செவ்வந்தி, மரிக்கொழுந்து எல்லாம் வரும். நான் கன்சல்டிங்கில் சேர்ந்த புதுசு, தலைக்கனம் வேறு. ஒரு லீவுக்கு வந்தவன் அவருடைய கணக்கு நோட்டை வாங்கி லேப்டாப்பில் ஏற்றினேன். மல்லியில் கமிஷன் கொழிக்கிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வெளிநாட்டுக்கும் போகிறது. நட்சத்திரம்! சம்பங்கியும் அரளியும் இடத்தை அடைத்துக்கொண்டு சில்லறை கொடுக்கின்றன. நாய்! "ரெண்டையும் விட்டுருங்க மாமா, அந்த முன்பணத்தை மல்லி விவசாயிகளுக்குக் கொடுங்க" என்றேன். முப்பது வருஷம் அந்தத் தொழிலில் இருந்த மனுஷன், படிச்ச பிள்ளை சொல்றானே என்று கேட்டார்.

விடிவதற்கு முன்னால் மாலை கட்டுகிறவர்கள் சரக்கெடுக்க வருவார்கள். ஒரு மாலைக்கு மல்லி மட்டும் போதாது. சம்பங்கி வேண்டும், அரளி வேண்டும், வாசத்துக்குக் கொஞ்சம் மரிக்கொழுந்து வேண்டும். இருட்டில் நாலு கடை ஏறி இறங்க யாருக்கு நேரம்? எல்லாம் கிடைக்கிற பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போனவர்கள் மல்லியையும் அங்கேயே வாங்கினார்கள். கோடையில் மல்லி வந்து குவிந்தபோது விலை சரிந்தது. மார்கழியில் பனி விழுந்து மல்லி வரத்து சுருங்கியபோது விலை எகிறியது. ஆனால் விற்க மாமாவிடம் பூ இல்லை. அந்த மாதத்தில் கடையை ஓட்டியிருக்க வேண்டிய அரளியைத்தான் நான் நாய்க் கட்டத்தில் போட்டு விரட்டியிருந்தேனே.

அடுத்த வருஷம் பழையபடி எல்லாப் பூவையும் எடுத்தார். பழகிய வாடிக்கையில் சில பேர் திரும்பி வரவே இல்லை. மாமா என்னைத் திட்டவில்லை. "நீ பூவைப் பாத்த மாப்ள, வாங்குறவனைப் பாக்கல" என்று மட்டும் சொன்னார். அந்த வருஷம் அவர் இழந்ததை நான் இன்னும் முழுசாகக் கொடுத்து முடிக்கவில்லை. வாங்கவும் மாட்டேன் என்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாட்டைக் கட்டும் கயிற்றுக்குத் தாவணி என்று பேர். மாட்டுச் சந்தைக்கும் அதே பேர். மாட்டுச் சந்தையின் பேரைத் தாங்கிய இடத்தில் நின்றுகொண்டுதான் அமெரிக்கக் கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தேன். சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். அது முதலீட்டாளரின் வேலை. வாங்கிய மாட்டை வீட்டுக்கு ஓட்டிப்போனவருக்கு அதற்கப்புறம்தான் வேலை தொடங்குகிறது. பாலுக்கு வைத்திருக்கும் மாடுதான் எருவும் கொடுக்கிறது, கன்றும் கொடுக்கிறது. ஒன்றை மட்டும் தனியாகக் கணக்குப் போட முடியாது.

கோயம்புத்தூர்க்காரரின் மரம்

இதை எனக்கு முன்னாலேயே சொன்னவர்கள் உண்டு. ஹேய்ஸும் அபர்நாதியும் 1980-இல் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ'வில் எழுதிய கட்டுரை, அமெரிக்க நிர்வாகிகள் தொழிலை உள்ளிருந்து தெரிந்துகொள்வதை விட்டுவிட்டு நிதிக் கணக்கின் தூரத்திலிருந்து நடத்துகிறார்கள் என்று சாடியது. 1987-இல் மைக்கேல் போர்ட்டர் 33 பெரிய கம்பெனிகளை எடுத்துப் பார்த்தார். வாங்கிச் சேர்த்த தொழில்களில் வைத்துக்கொண்டதைவிடக் கைகழுவியதே அதிகம் என்று கண்டார். பங்குதாரருக்குப் பல தொழிலில் பணத்தைப் பரப்ப வேண்டுமென்றால் அவரே சந்தையில் செய்துகொள்வார். அதற்கு ஒரு கம்பெனி எதற்கு என்பது அவர் வாதம்.

எனக்கு நெருக்கமான பதில் கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாதிடமிருந்து வந்தது. கேரி ஹாமெலோடு சேர்ந்து 1990-இல் அவர் எழுதிய கட்டுரையில் கம்பெனி ஒரு மரம். கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் இலையும் பூவும் காயும். வேரில் இருப்பது கூட்டாகக் கற்றுக்கொண்ட திறமை. இலையை மட்டும் எண்ணினால் மரத்தின் பலம் தெரியாது. ஒரு பிரிவை வெட்டும்போது வேரையும் சேர்த்து வெட்டிவிடலாம் என்பது அவருடைய எச்சரிக்கை.

மாட்டுத்தாவணியிலிருந்து கொஞ்ச தூரத்தில், அண்ணா நகரில், இதற்கு உயிருள்ள உதாரணம் நிற்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. பிரகலாத் தன்னுடைய 2004 புத்தகத்தில் இதை எடுத்து எழுதியிருக்கிறார். இங்கே கணிசமான அறுவை சிகிச்சைகள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. நாலு கட்டத்தில் போட்டால் இலவசப் பிரிவு எங்கே விழும்? காசு தராத நாய். விற்கவும் முடியாது, மூடு என்று வரும்.

ஆனால் அந்த எண்ணிக்கைதான் மருத்துவரின் கையைப் பழக்குகிறது. அறுவை அரங்கின் செலவு பல பேர் மீது பரவுவதும் அதனால்தான். அதே மருத்துவர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். காசு கொடுக்கிறவர் வாங்குவது அந்தப் பழகிய கையை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992-இல் ஆரோலேப் இங்கேயே செய்யத் தொடங்கி விலையைப் பல மடங்கு இறக்கியதற்கும் இந்த எண்ணிக்கை துணை நின்றது. மாமாவின் அரளி செய்த வேலையைத்தான் இங்கே இலவசப் பிரிவு செய்கிறது.

இன்னொன்று. அரவிந்தின் லைக்கோ என்ற பயிற்சி நிறுவனம் 1992-லிருந்து மற்றக் கண் மருத்துவமனைகளுக்கு ஆலோசனை சொல்கிறது. அவர்கள் முறை: முதலில் அந்த ஊருக்குப் போய்ப் பார்ப்பது, பிறகு அந்த மருத்துவமனையின் ஆட்களை மதுரைக்கு வரவைத்துத் திட்டத்தை அவர்களையே போடச் சொல்வது, அப்புறம் திரும்பப் போய்ச் சரிபார்ப்பது. இதுவும் ஸ்ட்ராட்டஜி கன்சல்டிங்தான். நம் தெருவில் இருப்பதால் அப்படிக் கூப்பிட மறந்துவிட்டோம்.

தம்பிக்கு

போங்கள். முதலீட்டில் பழகியது வீணாகாது. கணக்கு நோட்டை நம்பாமல் படிக்கிற பழக்கம், ரொக்கம் எங்கே என்று கேட்கிற பிடிவாதம், எல்லாரும் தலையாட்டும்போது இல்லை என்கிற தைரியம், இதெல்லாம் கன்சல்டிங்கில் அரிது.

கூடவே இரண்டு நஷ்டத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்று, உங்கள் தப்பை தினமும் காட்டிக்கொடுத்த என்ஏவி இனி இருக்காது. ஸ்லைடு கொடுத்துவிட்டுக் கிளம்பிய ஆறு மாதம் கழித்து, நீங்கள் இல்லாத இடத்தில்தான் தப்பு தெரியும். ஆகவே போன் செய்து கேளுங்கள், பீஸ் முடிந்த பிறகும். இரண்டு, விற்றுவிட்டு வெளியேறும் வழி உங்கள் வாடிக்கையாளருக்கு இல்லை.

இப்போதெல்லாம் முதல் கூட்டத்தில் நான் ஒன்றைத்தான் கேட்கிறேன்: "இதில் எதை நிறுத்தினால் வேறு எது படுக்கும்?" பதில் சொல்ல முதலாளிக்கு நேரமாகும். சில சமயம் கடையில் வேலை பார்க்கும் பையன்தான் சொல்வான். கீச்சலைப் படியுங்கள். படித்து முடித்த கையோடு ஒரு நாள் விடியற்காலையில் மாட்டுத்தாவணிக்கு வாருங்கள். மாமா கடையில் டீ வாங்கித் தருகிறேன்.