கூலிக்கு மாரடிப்பவர்கள்: இழவு, கல், பெயர்

'கூலிக்கு மாரடிக்கிறது' என்று நம்மிடம் ஒரு வசவு உண்டு. வேலையில் மனசு ஒட்டாதவனை, சம்பளத்துக்காக வந்துபோகிற குமாஸ்தாவை, வாத்தியாரை இப்படித் திட்டுவோம். இந்த வசவுக்குள் ஒரு பெண் இருக்கிறாள். அடுத்தவர் வீட்டு இழவில் மாரடித்து அழுது, நெல்லோ காசோ வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு வீடு திரும்பியவள். அவள் அழுகை பொய் என்று வசவு முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. அவளைக் கூலிக்குக் கூப்பிட்ட வீட்டின் துக்கம் மட்டும் எப்படி நிஜமாயிற்று என்று அது கேட்பதில்லை.

செத்தவரை நினைப்பதை, மரியாதை செய்வதை அந்தரங்கமான, தூய உணர்ச்சியாகவே நாம் பேசிவருகிறோம். நடைமுறையில் அது ஒரு வேலைப்பிரிவினை. இழவு சொல்லப் போகிறவர், பறையடிப்பவர், குழி வெட்டுபவர், சவரம் செய்பவர், துணி வெளுப்பவர் என்று சாதிவாரியாக ஆள் உண்டு. உழைப்பு இவர்களுடையது, கௌரவம் பிணத்துக்குரிய வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. ஊர்ச் சாவுக்கு இவ்வளவும் செய்த சேரிக்குத் தன் பிணத்தைக் கொண்டுபோகப் பாதை கிடையாது. பழங்கதை பேசவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, நிலக்காரர்கள் வழி விடாததால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள்.

இந்தக் கௌரவத்துக்கு இலக்கணமும் உண்டு. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் ஆறு கட்டங்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல் ஆகோளைப் பற்றியது; அதாவது மாடு பிடிச் சண்டை. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். நாய்க்குக் கிடைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் செத்தவனுக்காக அழுதவளுக்கு அந்தக் கல்லில் இடமில்லை. கால்நடையை, அதாவது சொத்தைக் காப்பதில் பட்டவருக்குக் கல் கிடைத்தது. நினைவுக்கு இங்கே ஒரு தகுதித் தேர்வு நடந்திருக்கிறது.

அழுதவளின் பிரதி ஒப்பாரி. கல்லும் ஒப்பாரியும் இலக்கணத்திலேயே வேறுபடுகின்றன. கல் படர்க்கையில் பேசும்: இன்னார், இன்ன ஊர்ச் சண்டையில் பட்டார். ஒப்பாரி முன்னிலையில் பேசும். செத்தவர் எதிரே இருக்கிறார். அவரோடு சண்டை போடலாம், விட்டுட்டுப் போனதுக்கு ஏசலாம். அண்ணன்மார் செய்யாத சீர், மாமியார் வீட்டுப் பட்டினி, தாலி அறுத்தபின் வரப்போகிற ஒதுக்கல் எல்லாம் அதற்குள் வந்துவிடும். கூடி அழுகிற மற்றப் பெண்களும் அவரவர் இழவை அழுதுகொள்கிறார்கள். ஊர் நடுவே, ஆண்கள் காதில் விழ, ஒரு பெண் தன் புகாரை உரத்துச் சொல்ல அனுமதி பெற்ற சில இடங்களில் ஒன்று இழவு வீடு. நம் தொகுப்பாளர்கள் பலர் இதைக் 'கணவனை இழந்தவள்', 'தாயை இழந்தவள்' என்று உறவுமுறைத் தலைப்பிட்டு அச்சேற்றினார்கள். பாடியவள் பெயர் போயிற்று, அவள் யாரை ஏசினாள் என்பதும் போயிற்று, 'அவலச்சுவை' மிஞ்சியது.

வெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு, கூடுதல் கூலி கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், தலித்துகள். நிலமும் காரும் வைத்திருப்பவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று சந்தேகப்பட்டு உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975) நிலக்கிழாரின் ஆண்மைக்குறையில் வன்முறைக்கு வேர் தேடியது. 1977இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. தீர்ப்பையும் நாவலையும் சேர்த்து வாசித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். இரண்டிலும் நடுவில் நிற்பவர் நிலக்காரர். ஒன்று அவருடைய அந்தஸ்தை ஆராய்கிறது, மற்றது அவருடைய மனதை. எரிந்தவர்கள் இரண்டிலும் கூட்டம்தான்.

44 பெயர்களையும் கல்லில் பொறித்தது இயக்கம். நீதிமன்றமும் இலக்கியமும் செய்யாததை அது செய்தது. இதைக் குறைத்துப் பேச முடியாது. எனினும் அங்கே பயன்படும் சொல்லைக் கேட்க வேண்டியிருக்கிறது: தியாகி. கைக்குழந்தை எதைத் தியாகம் செய்தது? தியாகம் என்றதும் சாவு ஒரு தேர்வாகிவிடுகிறது. கொலை பின்னால் போய்விடுகிறது. 'விவசாயத் தொழிலாளர்' என்ற பொதுப்பெயரில் சாதி கரைந்ததைத் தலித் விமர்சனம் 90களிலேயே சொல்லிவிட்டது. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: வீரவணக்க முழக்கமும் படர்க்கையில்தான் நிற்கிறது. மேடையில் தலைவர்கள், மைக்கில் முழக்கம். பெத்தவளும் கூடப் பிறந்தவளும் முன்வரிசை நாற்காலியில், துண்டு போர்த்தி உட்கார வைக்கப்பட்டு, பேசாமல்.

அப்படியானால் கல்லைத் தள்ளிவிட்டு ஒப்பாரியைக் கொண்டாடினால் சரியாகிவிடுமா? ஆகாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மார் அழாதவர்களா? ஆனால் ஒப்பாரி வைத்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று அவர்களே கையெழுத்துப் போட்டதாகும். இறப்புச் சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொல்வது அரசு. அதை மறுத்து, எங்கே என் பிள்ளை என்று படத்தைத் தூக்கிப் பிடிப்பது இன்னொரு முன்னிலைப் பேச்சு. இம்முறை அதிகாரத்தைப் பார்த்து. எப்போது அழுவது, எப்போது அழ மறுப்பது என்று முடிவு செய்யும் உரிமை அழுகிறவர்களிடம் இருக்க வேண்டும். அரசிடமிருந்து அதைக் காப்பது போலவே, நமது இயக்கங்களிடமிருந்தும் காக்க வேண்டியிருக்கிறது.

எழுதுகிறவர்களும் கூட்டம் நடத்துகிறவர்களும் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஒப்பாரியை அச்சிட்டால் பாடியவர் சம்மதத்தோடு அவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். அவர் ஏசியதை வெட்டாதீர்கள். நினைவுக் கூட்டத்தில் வீட்டுப் பெண்கள் பேச விரும்பினால் முதலில் பேசட்டும், நேரம் பார்க்காமல். அவர்கள் நம்மையே ஏசவும் கூடும். அண்ணன்மாரை ஏசுவது ஒப்பாரியில் புதுசில்லை, தோழர்களும் அண்ணன்மார்தானே.