ஒரு சான்று, இரு தீர்ப்பு

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் தொடங்கப்பெற்ற தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள் உள. அவற்றால் மீன்வளம் குன்றிற்று என்பர் கடற்றொழிலாளர், திட்டத்தார் மறுப்பர். ஒரே மீன்பிடிக் கணக்கைக் கொண்டு இரண்டையும் நாட்டலாம் என்பதே இவ்வழக்கின் இடர்ப்பாடு. மாவட்டத்தின் மொத்த நிறையை நோக்குவோர்க்கு, ஆழ்கடற் படகுகளின் மிகுதி கரைவலைப்பாட்டின் குறைவை மறைத்துவிடும். பாடு ஒன்றையே நோக்குவோர்க்கோ, இந்திய இழுவைப்படகுகள் விளைத்த கேடும் கோபுரத்தின் தலையிலேயே ஏறும். இருசாராரும் பொய்யரல்லர், அளவுகோலே வேறு. கோபுரத்துக்கு அண்மையிலுள்ள பாட்டையும் சேய்மையிலுள்ள பாட்டையும், 2020க்கு முன்னும் பின்னுமாக ஒப்பிட்டாலன்றி எவர் கூற்றும் மெய்ப்படாது. மழைநீர் தேங்குவது பற்றிய பிணக்கும் இத்தகையதே. வலசைப் பறவைகளை எண்ணுவதிற் காட்டிய கருத்தைக் கரைவலையாரின் அன்றாடப் பிடியை எழுதிவைப்பதிலும் காட்டியிருத்தல் வேண்டும்.